காடு என்றால் எந்தக் காடு?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது எருத்தேன்பதி பஞ்சாயத்து. மாநிலம் கேரளம்தான். ஆனால் கடைத்தெருவில் காதில் விழுவது தமிழ். அதுவும் கொங்குத் தமிழ். இந்தத் தமிழில் ஒரு விவசாயி "காட்டுக்குப் போறேன்" என்றால் யானை பார்க்கக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தமில்லை. மானாவாரி நிலத்துக்குப் போகிறார். கிணறு இருக்கும் நிலம் என்றால் அது தோட்டம். மழை பெய்தால் மட்டும் ஓடுகிற சிற்றோடைக்குப் பெயர் பள்ளம்.

இந்தச் சொற்களை ஊர் தெரியாத ஒருவர் கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? நிலக்கடலை விளைகிற காடு, பச்சை வண்ணம் பூசிய வனமாகிவிடும். மழை நீரைக் கொண்டுபோகும் பள்ளம் வெறும் குழியாகிவிடும். வேடிக்கையான மொழிபெயர்ப்புப் பிழை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இன்று சாலைத் திட்டம், வெள்ள நிவாரணம், பயிர்க் காப்பீடு, வனத்தைச் சுற்றிய பாதுகாப்பு வளையம் என்று எல்லாமே வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவாகின்றன. அங்கே ஒரு சொல் தவறினால் அகராதிக்கு நஷ்டமில்லை, ஊருக்கு நஷ்டம்.

கோடை விடுமுறை வகுப்புகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஏப்ரல், மே வந்தால் நகரத்துப் பெற்றோருக்கு நீச்சல், கீபோர்டு, வேத கணிதம், ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று ஏகப்பட்ட தேர்வுகள். எல்லைப்புறக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இருப்பது மாங்காயும் மட்டைப்பந்தும். இரண்டுமே நல்லவைதான். அதோடு பத்து நாள், தன் ஊரைத் தானே அளந்து, தானே படம் போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றக் கற்றுக்கொடுத்தால் என்ன?

இதற்கான கருவி எங்கோ அமெரிக்காவிலிருந்து வர வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. கேரள அரசு 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. பிறகு பள்ளிக் கம்ப்யூட்டர்களில் காசில்லாத, கட்டற்ற சாஃப்ட்வேர்களையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 2017-ல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. மறு ஆண்டே 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்கள் வந்தன. இவற்றுக்கெல்லாம் நடுவே அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் நடந்தது. பத்தாம் வகுப்பு கம்ப்யூட்டர் பாடத்தில் 'கியூ.ஜி.ஐ.எஸ்.' என்ற வரைபட சாஃப்ட்வேர் இடம்பெற்றது. 2002-ல் கேரி ஷெர்மன் என்பவர் எழுதத் தொடங்கி, இன்று உலகம் முழுக்க நிபுணர்கள் பயன்படுத்தும் அதே சாஃப்ட்வேர். கேரளத்தில் தமிழ் வழியில் படிக்கும் பாலக்காடு, இடுக்கி மாணவர்களுக்கு மாநில அரசே தமிழில் பாடநூல் அச்சிடுகிறது. ஆக, வரைபட சாஃப்ட்வேரைப் பள்ளிப் பாடமாகத் தமிழில் படிக்கும் வாய்ப்பு எல்லைப்புறப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

ஆனால் பாடம் வேறு, படிப்பு வேறு. அந்தப் பாடத்தில் ஒரு பயிற்சி உண்டு. ஒரு சாலையைச் சுற்றி இத்தனை மீட்டர் அகலத்தில் ஒரு பட்டை வரைய வேண்டும். சாலையை விரிவாக்கினால் எந்தெந்தக் கட்டடங்கள் அந்தப் பட்டைக்குள் வரும் என்று பார்க்க வேண்டும். அருமையான பயிற்சி. ஆனால் சாலையும் கட்டடமும் ஏற்கெனவே ஒரு கோப்பில் தயாராக இருக்கும். எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்று தெரிந்தால் மதிப்பெண் வந்துவிடும். அந்தச் சாலை எந்த ஊரில் இருக்கிறது, அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க நேரம் ஏது?

கோடை வகுப்பு அந்த நேரத்தைத் தரலாம். அது கம்ப்யூட்டர் அறையில் தொடங்கக் கூடாது என்பது என் கட்சி.

முதல் நாள் வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும். நினைவிலிருந்து ஊரை வரையச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டைப் பெரிதாக, நடுவில் போடும். பையன்கள் மைதானத்தைப் போடுவார்கள். பெண் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயையும், இருட்டினால் போகக் கூடாத சந்தையும் போடுவார்கள். இருபது படங்களைச் சுவரில் ஒட்டினால் ஒரே ஊர் இருபது ஊராகத் தெரியும். எந்தப் படத்திலும் வராத தெரு ஒன்று இருந்தால் அன்றைய பாடமே அதுதான்.

இரண்டாம் நாள் நடை. 100 மீட்டரை டேப் வைத்து அளந்து, தனக்கு எத்தனை அடி என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்வது. ஒருவருக்கு 150 என்றால் மற்றவருக்கு 170 ஆகலாம். அப்புறம் பள்ளியிலிருந்து கோவில் எவ்வளவு தூரம் என்று நடந்தே சொல்லிவிடலாம். சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் 50,000-த்தில் ஒரு பங்கு என்று அளவு போட்டிருக்கும். படத்தில் ஒரு சென்டிமீட்டர், மண்ணில் 500 மீட்டர். கால் வலித்த பிறகு இந்தக் கணக்கு மறக்காது.

மூன்றாம் நாள்தான் செல்போன். ஒரே கிணற்றடியில் ஐந்து பேர் நின்று ஐந்து போனில் இருப்பிடத்தைப் பார்த்தால் ஐந்து எண்கள் வரும். திறந்த வெளியில் சாதாரண போன் சுமார் ஐந்து மீட்டர் முன்பின் காட்டும். மரத்தடியில், சுவரோரத்தில் இன்னும் விலகும். அட்சரேகையில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டாம் இலக்கம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நான்காவது 11 மீட்டர். ஐந்தாவது ஒரு மீட்டர். போன் எட்டு இலக்கம் காட்டுகிறதே என்று எட்டையும் எழுதிக்கொள்வது துல்லியம் அல்ல, வெறும் ஜம்பம். எந்த அளவையிலும் பிழை உண்டு, அது எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவனே அளக்கத் தெரிந்தவன் என்பதை இதைவிட எளிதாக எந்த விஞ்ஞான வகுப்பும் சொல்லித் தராது.

இவ்வளவும் ஆன பிறகு கம்ப்யூட்டர். நடந்து எடுத்த புள்ளிகளை கியூ.ஜி.ஐ.எஸ்.ஸில் அடுக்கடுக்காக ஏற்றலாம். கிணறுகள் ஓர் அடுக்கு, வாய்க்கால்கள் ஓர் அடுக்கு, பாதைகள் ஓர் அடுக்கு. எல்லோருக்கும் பொதுவானவற்றை 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்'பில் சேர்க்கலாம். 2004-ல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய, யாரும் திருத்தி யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய உலக வரைபடம் அது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் தகப்பனாருக்குச் சொல்ல ஒரே வார்த்தைதான் இருக்கிறது: தண்ணீர்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று தாராளமாக வரும். மழை அப்படி வராது. கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியைப் பார்க்க வேண்டும். பாசனத்துக்கு நம்பியிருப்பது பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீரை. 1970-ல் கையெழுத்தாகி, 1958 நவம்பரிலிருந்தே அமலுக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். அதாவது 725 கோடி கன அடி. இரு மாநில அதிகாரிகளும் ஒவ்வொரு கோடையிலும் இந்த எண்ணை வைத்துத்தான் வாதாடுகிறார்கள். மூலத்தறையில் பிரியும் வலதுகரை வாய்க்காலைக் கோரையாற்றிலிருந்து வரட்டையாறு வரை நீட்டும் திட்டமும் எருத்தேன்பதி, வடகரப்பதி போன்ற பஞ்சாயத்துகளை மனதில் வைத்துத்தான் வந்தது.

7.25 என்பது மணக்கடவுக் கணக்கு. கடைமடைக் கணக்கு என்ன? தண்ணீர் விட்ட தேதி ஒன்று, கடைசி வயலுக்கு வந்த தேதி ஒன்று. இடையில் எந்த மதகு உடைந்திருக்கிறது, எந்த இடத்தில் கரை கசிகிறது, எந்தக் கிளை எத்தனை நாள் காய்ந்து கிடந்தது? இதை வாய்மொழியாகச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. தேதியோடும் இடத்தோடும் காட்ட ஒரு படம் இருந்தால் பேச்சின் தோரணையே மாறும். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்று வைத்தது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் அதைத் தேர்வுக்காகப் படித்தோம். வாய்க்கால் வரைபடத்துக்கு அதைவிடப் பொருத்தமான இலக்கணம் வேறில்லை. பொழுது குறிக்காத நிலப்படம் பாதிப் படம்தான். நவம்பரில் நீலமாக வரையும் கோடு ஏப்ரலில் மணல் தடம்.

நிலத்தடி நீரின் கதை இன்னும் கவலைக்குரியது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2017-ம் ஆண்டுக் கணக்கில், கேரளத்திலேயே மிகை உறிஞ்சல் என்று குறிக்கப்பட்ட ஒரே வட்டாரம் சித்தூர். அதே தாலுகாவின் பெருமாட்டி பஞ்சாயத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. 2000-ல் அங்கே கோக்க கோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது, வற்றிவிட்டது என்று 2002-ல் ஆதிவாசி மக்கள் முன்னணியில் நின்று போராட்டம் தொடங்கினார்கள். 2004-ல் ஆலை நின்றது. 2010-ல் அரசு நியமித்த உயர்மட்டக் குழு 216 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று மதிப்பிட்டது.

இத்தகைய வழக்குகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி: முன்பு எப்படி இருந்தது? எந்தக் கிணறு, எந்த மாதம், எத்தனை அடியில் தண்ணீர்? மாணவர்கள் ஒவ்வொரு மே மாதமும் ஊர்ப் பொதுக் கிணறுகளில் கயிறு விட்டு அளந்து எழுதி வைத்தால், ஐந்தாறு வருஷத்தில் அது ஊரின் பதிவேடு. கோர்ட்டில் செல்லுமா என்பது வக்கீல்களின் பாடு. கிராம சபையில் செல்லும். பாடப் புத்தகத்தில் சாலையைச் சுற்றி வரைந்த அதே பட்டையைப் புதிதாக வரவிருக்கும் ஓர் ஆழ்துளைக் கிணற்றைச் சுற்றி வரைந்து பார்த்தால், எந்தெந்தக் கிணறுகள் அதற்குள் வருகின்றன என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையே காட்டிவிடும்.

சின்னப் பிள்ளைகள் போடும் படத்துக்கு இவ்வளவு எதிர்பார்ப்பா என்று தோன்றலாம். கேரளத்துக்கு இது புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் திருவனந்தபுரத்தின் புவி அறிவியல் ஆய்வு மையமும் சேர்ந்து பஞ்சாயத்து வள வரைபடத் திட்டத்தை நடத்தின. கிராம சர்வே படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளூர்த் தொண்டர்கள் நிலம் நிலமாக நடந்தார்கள். என்ன மண், என்ன பயிர், எங்கே நீர் என்று குறித்தார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, கலர் பென்சில்தான். 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது இந்த அனுபவமும் அதற்கு உரமாக இருந்தது. அன்று பெரியவர்கள் மாதக்கணக்கில் செய்ததில் ஒரு பகுதியை இன்று பிள்ளைகள் வாரக்கணக்கில் செய்ய முடியும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மொழிபெயர்த்துப் பிழைக்கிறவனுக்கு இதில் தனி அக்கறை உண்டு. எருத்தேன்பதி என்று தமிழில் எழுதுகிறோம். மலையாளத்தில் எருத்தேம்பதி. ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமான எழுத்துகள் புழங்குகின்றன. சுற்றுவட்டாரத்தில் வண்ணாமடை, மூங்கில்மடை என்று ஊர்கள். தமிழ்க் காதுக்கு மடை என்றால் நீர் பாயும் வழி. மலையாளத்தில் மட என்றால் பொந்து, குகை. எந்த ஊருக்கு எது பொருந்தும் என்று பாட்டியிடம் கேட்டு எழுதுவதே ஒரு பகல் வேலை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஓர் இடத்துக்கு ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே பெயர் எழுத இடம் உண்டு. தமிழில் எழுதினால் மலையாளப் பெயர் அழியாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

இப்படி எழுதுவதற்கு எல்லைச் சண்டை அர்த்தம் கொடுக்க வேண்டாம். கொச்சி சமஸ்தானத்தின் காலத்தில் சித்தூர் அதன் தனித்துண்டு. சுற்றிலும் பிரிட்டிஷ் மலபாரும் கோயமுத்தூரும். 1956-க்குப் பிறகு அது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில். ஆட்சிகளின் கோடு மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. பள்ளமும் காடும் அங்கேயேதான் இருக்கின்றன. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தங்கள் மொழியில் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள, கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே வழி செய்கிறது. கடிதத்துக்கு உள்ள உரிமை படத்துக்கும் இருக்கட்டும். அதே சமயம் பஞ்சாயத்து ஆபீஸ் ஃபைல் மலையாளத்தில் ஓடுவதால், படத்தில் மலையாளமும் இருந்தாக வேண்டும். இரண்டு மொழியிலும் எழுதத் தெரிந்த பிள்ளைகள் எல்லையில்தான் கிடைப்பார்கள்.

இடுக்கிக்குப் போனால் பெயர் என்பது உயிர் விஷயம். மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணுக்குள் போயின. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 70 பேர். செய்தி வெளியே வரவே மறுநாள் காலையாயிற்று. வரைபடம் இருந்திருந்தால் மலை நின்றிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் லயம் எது, அதற்கு மேலே உள்ள சரிவு எது, ஓடை எது, மழையில் துண்டிக்கப்படும் பாதை எது, மாற்றுப் பாதை எது என்பதெல்லாம் அங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்களின் பிள்ளைகள் அதைக் குறித்து வைத்திருந்தால், மீட்புக்கு வருகிறவர் வழி கேட்டு நிற்க வேண்டியதில்லை. 2018 வெள்ளத்தில் உதவி கேட்டு வந்த செய்திகளை இடத்தோடு பொருத்துவதற்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த இளைஞர்கள் பட்ட பாட்டைக் கேரளம் பார்த்திருக்கிறது.

நம் நாட்டில் வரைபடம் என்பது நீண்ட காலம் சர்க்கார் சொத்து. 1794-ல் மைக்கேல் டாப்பிங் முயற்சியில் சென்னையில் சர்வே பள்ளி திறக்கப்பட்டது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான். அங்கே படித்த பையன்கள் அளந்தது கம்பெனியின் வரி வசூலுக்காக. 1802-ல் பரங்கிமலையருகே வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் சர்வேயும் ஆள்பவர்களுக்கானதே. சுதந்திரத்துக்குப் பிறகும் வரைபடத்தைச் சுற்றி அனுமதிகளின் வேலி இருந்தது. 2021 பிப்ரவரி 15-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு விதிகள் அந்த வேலியைப் பெருமளவு பிரித்தன. பாதுகாப்புக்குரிய சில இடங்கள், விவரங்கள் தவிர மற்றவற்றை இந்தியர்கள் முன் அனுமதியின்றி அளக்கலாம், வரையலாம். 227 வருஷம் கழித்து, சர்வே படிக்கிற பிள்ளைக்குத் தன் ஊரைத் தனக்காகவே அளக்கும் சுதந்திரம் கிடைத்திருக்கிறது.

சுதந்திரத்தோடு சில கட்டுப்பாடும் வேண்டும். யார் வீட்டில் தனியாகக் கிழவி இருக்கிறாள், யார் தோட்டத்தில் அனுமதியில்லாத போர்வெல் இருக்கிறது என்பதெல்லாம் உலகம் பார்க்கும் படத்தில் வரக் கூடாது. பொதுவானதைப் பொதுவில் போடலாம். மற்றதைக் கேட்டுத்தான் போட வேண்டும். சிலவற்றைப் போடவே கூடாது. ஊர்க் குளம் ஊருக்குத் தெரிவதும், ஒரு பெண்ணின் வீட்டு வாசல் ஊரறியாதவனுக்குத் தெரிவதும் ஒன்றல்ல. பத்து நாளில் ஒரு நாள் இதற்கென்றே ஒதுக்கினாலும் தகும்.

செலவு? பள்ளியில் கம்ப்யூட்டர் இருக்கிறது. சாஃப்ட்வேர் இலவசம். ஐந்தாறு பேருக்கு ஒரு போன் போதும். வெயில் ஏறும் முன் காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை நடை, பிறகு நிழலில் வேலை. ஒரு பூகோள ஆசிரியர், ஒரு கம்ப்யூட்டர் ஆசிரியர், வாய்க்கால் தெரிந்த ஒரு பெரியவர். மூன்றாமவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். அவர்தான் அதிகம் தெரிந்தவர். டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் ஆன்லைனில் இலவசப் பாடங்கள் நடத்துகிறது. ஆசிரியர்கள் அதில் சேர்ந்து தங்களைத் தயார் செய்துகொள்ளலாம். பள்ளி மாணவர்களுக்காக இஸ்ரோ 2019-ல் 'யுவிகா' என்ற கோடைப் பயிற்சியைத் தொடங்கியது. ஆனால் நாடு முழுவதிலிருந்தும் சில நூறு பேருக்குத்தான் அதில் இடம். மீதிப் பேருக்கு ஊர் இருக்கிறது.

முகாம் முடிகிற நாளில் சர்டிஃபிகேட் கொடுத்து போட்டோ எடுப்பது நம் வழக்கம். கொடுக்கட்டும். அதோடு படத்தைப் பெரிதாக அச்செடுத்து அடுத்த கிராம சபையில் மாட்டி, பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனாவையும் கட்டித் தொங்கவிட வேண்டும். "இது எங்க காடு, இங்கே பள்ளம் இப்படி வளையாது" என்று ஒருவர் வந்து திருத்துவார். "அந்த மதகு போன வருஷமே போயிடுச்சு" என்று இன்னொருவர் சொல்வார். மெம்பர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அந்தச் சிவப்புத் திருத்தங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது ஒன்பதாம் வகுப்பின் முதல் வாரப் பாடமாக இருக்கலாம்.